கேஸ் தீர்ந்து போவதில்லை: ஆர்-22 குளிர்சாதன வாயுவும் நம் இளைஞர்களும்



நான் கேமரன் மலை திரிங்காப்பைச் சேர்ந்தவன். பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகிற சாலையில் இருக்கும் ஊர் அது. இப்போது இயந்திரவியல் பொறியியல் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த மாதப் பாடமாக ஏர்கோன் கேஸ் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும், "உங்க ஊர்ல ஃபேன் போடுறதுக்கே ஆள் இல்ல, உனக்கு எதுக்குடா ஏர்கோன்?" என்று நண்பர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். எங்கள் ஊர் வீடுகளில் ஏர்கோன் கிடையாது. இரவில் போர்வைதான்.

ஆனாலும் எழுதுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, எங்கள் மலையிலும் கேஸ் இருக்கிறது. காய்கறி, பூ, ஸ்ட்ராபெரி வைக்கும் குளிர் அறைகள், கடைகளின் உறைபெட்டிகள், சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்கும் குளிர்சாதன லாரிகள் எல்லாம் இந்த கேஸில்தான் ஓடுகின்றன. இரண்டாவது, தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் காய்கறித் தோட்டங்களிலிருந்தும் கீழே இறங்கும் நம் பையன்களில் பலர் எடுக்கும் தொழில் ஏர்கோன் சர்வீஸ். மூன்றாவது, ஆர்-22 என்ற பழைய கேஸுக்கு உலகம் ஒரு கடைசித் தேதி குறித்துவிட்டது. அந்தத் தேதி நெருங்கி வருகிறது. இது நம் வீட்டுச் செலவையும் நம் பிள்ளைகளின் பிழைப்பையும் தொடுகிற விஷயம். வாருங்கள், பாடத்துக்குள் போவோம்.

1. ஏர்கோன் எப்படிக் குளிர வைக்கிறது?

ஏர்கோன் குளிரை உண்டாக்குகிறது என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் அது வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. அந்த வெப்பத்தைச் சுமந்து போகும் கூலிதான் கேஸ்.

எங்கள் மலையை வைத்தே இதை விளக்கலாம். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 1,400 மீட்டர் அளவு உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் எங்கள் அம்மாக்கள் பருப்பு வேகவில்லை என்று பிரஷர் குக்கரைத் தேடுகிறார்கள். குக்கருக்குள் அழுத்தம் கூடும்போது கொதிநிலையும் கூடுகிறது. ஆக, அழுத்தத்தை மாற்றினால் ஒரு திரவம் எந்த வெப்பநிலையில் கொதிக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம்.

ஏர்கோனில் நடப்பதும் அதேதான். ஆர்-22 சாதாரணக் காற்றழுத்தத்தில் சுழிக்குக் கீழே 41 டிகிரியில் கொதிக்கும் பொருள். உள் யூனிட்டில் அதன் அழுத்தத்தைக் குறைத்து வைக்கிறோம். அறைக் காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு அது அங்கே கொதித்து ஆவியாகிறது. வேர்வை காயும்போது உடம்பு குளிர்கிற மாதிரி, வெப்பத்தை இழந்த காற்று குளிர்ந்து போகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் இழுத்து அழுத்துகிறது. சூடான, அழுத்தம் கூடிய அந்த ஆவி வெளி யூனிட்டில் வெப்பத்தைக் கொட்டிவிட்டு மறுபடியும் திரவமாகிறது. பிறகு ஒரு சிறிய துவாரத்தின் வழியாக அழுத்தம் குறைந்து உள்ளே வருகிறது. சுற்று முடிந்து மறுசுற்று தொடங்குகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கேஸ் எங்கேயும் எரிவதில்லை, செலவாவதும் இல்லை. மூடிய செம்புக் குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. காருக்குப் பெட்ரோல் மாதிரி ஏர்கோனுக்கு கேஸ் என்று நினைப்பது தப்பு. கேஸ் குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம். பாடத்தின் மற்ற பகுதியெல்லாம் மறந்து போனாலும் இந்த ஒன்றை மறக்க வேண்டாம்.

2. வெளியே போன கேஸ் எங்கே போகிறது?

1920களின் இறுதியில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவரின் குழு சிஎஃப்சி என்ற வகைப் பொருள்களைக் குளிர்சாதனத்துக்காக உருவாக்கியது. அதற்கு முன் குளிர்சாதனப் பெட்டிகளில் அமோனியா, சல்பர் டையாக்சைடு போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. சிஎஃப்சி தீப்பிடிக்காது, நச்சும் மிகக் குறைவு. அந்தக் காலத்துக்கு அது வரப்பிரசாதம்.

அதன் பலமே அதன் குற்றமாக மாறியது. எதனோடும் வினைபுரியாத பொருள் காற்றில் அழியாமல் பல பத்தாண்டுகள் மிதக்கும். மெல்ல மெல்ல மேலே ஏறி, 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசோன் படலத்தை அடையும். அங்கே கடுமையான புறஊதாக் கதிர் அதை உடைத்து குளோரின் அணுவைப் பிரித்துவிடும். அந்தக் குளோரின் ஓர் ஓசோன் மூலக்கூறிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கும், பிறகு அதை விட்டுவிட்டு அடுத்த ஓசோனைத் தேடிப் போகும். இப்படி ஒரே ஒரு குளோரின் அணு ஓர் இலட்சம் வரையிலான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க வல்லது.

இந்த ஆபத்தை 1974-இல் மாரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எழுதினார்கள். தொழில்துறை முதலில் நம்பவில்லை. 1985-இல் பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வுக் குழுவினர் தென்துருவத்தின் மேல் ஓசோன் வசந்த காலத்தில் கடுமையாகக் குறைவதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அதற்குப் பிறகுதான் உலகம் விழித்தது. மொலினா, ரோலண்ட் இருவருக்கும் பால் குருட்சன் என்ற அறிஞரோடு சேர்த்து 1995-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் வீட்டு ஆர்-22 எந்த வகை? அது எச்சிஎஃப்சி. சிஎஃப்சிக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். அதன் மூலக்கூறில் ஹைட்ரஜன் இருப்பதால் பெரும்பகுதி கீழ்க்காற்றிலேயே உடைந்துவிடும். காற்றில் அதன் ஆயுள் ஏறக்குறைய 12 ஆண்டு. பழைய ஆர்-12 என்ற சிஎஃப்சிக்கு 100 ஆண்டு. ஓசோனைக் கெடுக்கும் திறனில் சிஎஃப்சியை 1 என்று வைத்தால் ஆர்-22க்கு 0.055. "அவ்வளவுதானே" என்று தோன்றும். ஆனால் உலகம் முழுவதும் கோடிக்கணக்கான ஏர்கோன்களில் அது இருந்தது. தம்பி சின்னவன்தான், கூட்டம் பெரியது.

அதோடு இன்னொரு பாரமும் உண்டு. 1 கிலோ ஆர்-22, நூறாண்டுக் கணக்கில் 1,810 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஒரு சிறிய வீட்டு ஏர்கோனில் 700 கிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குழாயை அறுத்து அதை வெளியே விட்டால் 1,267 கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். அப்படியானால் அந்த "புஸ்ஸ்" என்ற ஒரு நிமிடச் சத்தம் ஏறக்குறைய 550 லிட்டர் பெட்ரோலை எரித்த கணக்கு. மோட்டார் சைக்கிளில் போகும் நம் பையன் எத்தனை மாதத்தில் 550 லிட்டர் எரிப்பான் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

3. தேயிலை எடுக்கும் அம்மாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். ஓசோன் பெருங்குறைவு நடந்தது துருவப் பகுதிகளில். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் மலேசியாவின் மேல் ஓசோன் குறைவு மிகச் சிறியது. ஆனால் நம் பகுதியில் படலம் இயற்கையாகவே மெல்லியது, வெயிலும் நேர் உச்சியில் அடிக்கிறது. உயரம் ஏற ஏறப் புறஊதாக் கதிரும் கூடும். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 10 விழுக்காடு என்பது பொதுக் கணக்கு. மலையில் குளிர் அடிக்கிறது, அதனால் வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைத்து நாள் முழுவதும் தொப்பி இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. குளிருக்கும் புறஊதாக் கதிருக்கும் சம்பந்தமே இல்லை. "நம்ம கறுப்புத் தோலுக்கு ஒன்னும் ஆகாது" என்பார்கள். தோலுக்கு ஓரளவு காப்பு உண்டு என்பது சரிதான். கண்ணுக்கு அந்தக் காப்பு இல்லை. கண்புரைக்குப் புறஊதாக் கதிரும் ஒரு காரணம்.

உலகம் சும்மா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அமெரிக்க நாசா அறிஞர்கள் கணினியில் கணக்கிட்டு 2009-இல் வெளியிட்டார்கள். 2065-க்குள் உலக ஓசோனில் மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும் என்பது அந்த முடிவு. அந்த நிலை வந்திருந்தால் எந்த மலைக்கும் தப்பிக்க வழியில்லை.

4. உலகம் ஒரே குரலில் பேசிய ஒப்பந்தம்

1987 செப்டம்பர் 16-ஆம் நாள் கனடாவின் மொன்றியலில் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. அதைத்தான் மொன்றியல் நெறிமுறை என்கிறோம். செப்டம்பர் 16 உலக ஓசோன் நாளாக இருப்பதும் இதனால்தான். மலேசியா 1989-இல் இதில் இணைந்தது. 2009-இல் ஐநாவின் எல்லா உறுப்பு நாடுகளும் இதை ஏற்றிருந்தன. இத்தனை நாடுகள் ஒன்றாகத் தலையாட்டிய சுற்றுச்சூழல் ஒப்பந்தம் அதற்கு முன் இருந்ததில்லை.

இதில் எனக்குப் பிடித்தது அதன் நியாயம். பணக்கார நாடுகள் முன்னால் நிறுத்த வேண்டும். வளரும் நாடுகளுக்குக் கூடுதல் காலம் உண்டு. அவை மாறுவதற்கான செலவுக்கு ஒரு பொது நிதியும் உண்டு. வளரும் நாடுகள் சிஎஃப்சியை 2010-இல் நிறுத்தின. எச்சிஎஃப்சிக்கு அவற்றின் நாட்காட்டி இது. 2009, 2010 ஆண்டுகளின் சராசரி அளவே அடிப்படை.

2013: அந்த அளவுக்கு மேல் போகக் கூடாது.
2015: 10 விழுக்காடு குறைப்பு.
2020: 35 விழுக்காடு குறைப்பு.
2025: 67.5 விழுக்காடு குறைப்பு.
2030: புதிய உற்பத்தி, இறக்குமதி நிறுத்தம். 2040 வரை பழைய இயந்திரங்களைப் பழுது பார்க்க மட்டும் சராசரியாக ஆண்டுக்கு 2.5 விழுக்காடு.

மலேசியா இதைச் சுற்றுச்சூழல் துறையின் மூலம் நடத்துகிறது. 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் குளிர்சாதன வாயு நிர்வாக விதிமுறைகள் 1999-இல் வந்தன. 2020-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிமுறைகள் வந்தன. நம் நாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஷா ஆலாமிலும் சுங்கை பூலோவிலும் உள்ள தொழிற்சாலைகள் ஏர்கோன் செய்து பல நாடுகளுக்கு அனுப்புகின்றன. அங்கே வேலை செய்பவர்களில் நம்மவர்களும் உண்டு. 2.5 குதிரைத்திறன் வரையிலான ஆர்-22 ஏர்கோன்கள் நம் நாட்டில் பத்தாண்டுகளுக்கு முன்பே புது உற்பத்தியிலிருந்து விலக்கப்பட்டுவிட்டன. ஆகவே இன்று ஓடும் ஆர்-22 இயந்திரங்கள் பெரும்பாலும் பழையவை. அவை யார் வீட்டில் இருக்கின்றன? புதிது வாங்க முடியாதவர்கள் வீட்டில், வாடகை வீட்டில், சின்னக் கடையில், சில ஆலய மண்டபங்களில். மாற்றத்தின் சுமை கடைசியில் இவர்கள் தலையில்தான் வந்து உட்காரும். அதனால்தான் இதை இளைஞர் வகுப்பில் பேச வேண்டும் என்கிறேன்.

ஒரு தெளிவு: ஆர்-22 ஏர்கோனை வீட்டில் வைத்திருப்பது குற்றம் இல்லை. பயந்து உடனே கழற்றிப் போட வேண்டியதும் இல்லை. புதிய கேஸின் வரத்துதான் குறைகிறது. வரத்து குறைந்தால் விலை ஏறும் என்பது சந்தைக்குப் போகும் எல்லாருக்கும் தெரியும்.

5. ஆர்-22க்குப் பதில் எது?

ஆர்-410ஏ: ஓசோனைத் தொடாது. ஆனால் புவி வெப்பத் திறன் 2,088, அதாவது ஆர்-22ஐவிடக் கூடுதல். ஒரு பிரச்சனையைத் தீர்த்து இன்னொன்றை வளர்த்த கதை இது.

ஆர்-32: இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது. ஓசோனுக்குக் கேடில்லை, வெப்பத் திறன் 675. மெதுவாகத் தீப்பிடிக்கும் தன்மை உண்டு. ஆகவே வேலை செய்யும்போது கூடுதல் கவனம் தேவை.

ஆர்-290: இது சுத்தமான புரோப்பேன். வெப்பத் திறன் மிக மிகக் குறைவு. இந்தியாவில் கோத்ரெஜ் நிறுவனம் 2012-இல் இந்த வகை வீட்டு ஏர்கோனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆனால் இது சமையல் கேஸ் மாதிரியே தீப்பிடிக்கும். இதற்கென்று வடிவமைத்த இயந்திரத்தில் மட்டுமே, குறைந்த அளவில் பயன்படுத்த வேண்டும்.

குளிர் அறைகளில் ஆர்-404ஏ என்றொரு கேஸ் உண்டு. ஓசோனுக்குக் கேடில்லை, ஆனால் அதன் வெப்பத் திறன் 3,900-க்கு மேல். காய்கறி, பூ வியாபாரம் செய்யும் எங்கள் பகுதிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குளிர் அறையில் ஒரு கசிவு, பல வீட்டு ஏர்கோன்களின் கசிவுக்குச் சமம்.

எச்எஃப்சி எனப்படும் கேஸ்களையும் குறைக்க 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலியில் ஒரு திருத்தம் ஏற்கப்பட்டது. மலேசியா அதை 2020-இல் உறுதி செய்தது. நம்மைப் போன்ற நாடுகளுக்கு 2024-இல் உச்ச வரம்பு, 2029-இல் 10 விழுக்காடு குறைப்பு, படிப்படியாக 2045-இல் 80 விழுக்காடு குறைப்பு. ஆக, ஆர்-22 போனதோடு கதை முடியவில்லை. இந்தத் தொழிலுக்கு வருபவன் வாழ்நாள் முழுவதும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

6. தொழிலில் நடப்பது

என் பெரியப்பா மகன் ஈப்போ பக்கம் ஏர்கோன் வேலை செய்கிறார். பள்ளி முடித்ததும் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தவர். அவர் எனக்குச் சொன்ன ஒரு கதையை அப்படியே தருகிறேன்.

ஒரு பாட்டி வீடு. ஒரே வருடத்தில் மூன்று தடவை பட்டறையிலிருந்து ஆள் போய் கேஸ் ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பாட்டி காசு கொடுத்திருக்கிறார். மூன்றாவது தடவை போனது அண்ணன். அவர் சோப்பு நுரையை எடுத்துக் குழாய் மூட்டுகளில் தடவிப் பார்த்தார். ஒரு மூட்டில் குமிழ் வந்தது. செம்புக் குழாயின் வாயைப் புதிதாக விரித்து நட்டை முறையாக முடுக்கினார், கசிவு நின்றது. பாட்டி கேட்டாராம்: "இத்தன நாளா ஏன்யா யாரும் இதப் பாக்கல?" பட்டறையில் அவருக்குக் கிடைத்த பதில் வேறு: "ஓட்டையத் தேடிக்கிட்டிருந்தா ஒரு நாளைக்கு எத்தன வீடு பாப்ப?"

இதுதான் நம் பையன்கள் நிற்கும் இடம். அவசரப்படுத்தும் முதலாளி ஒரு பக்கம், நம்பிக் காசு கொடுக்கும் குடும்பம் இன்னொரு பக்கம். அண்ணன் சிறிது காலம் கழித்துச் சான்றிதழ் பயிற்சி எடுத்தார். இப்போது சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறார். அந்தப் பாட்டியின் சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

தொழிலில் இருக்கும் தம்பிகள், இருக்கப்போகும் தம்பிகள் மனத்தில் வைக்க வேண்டிய ஐந்து:

அ) கேஸைத் திறந்து விடாதே. நம் நாட்டு விதிமுறைப்படி அது தவறு. கழற்றும் முன் மீட்பு இயந்திரத்தால் தனி உருளையில் பிடிக்க வேண்டும். ஓடும் நிலையில் உள்ள ஏர்கோனை இடம் மாற்றும்போது, மெல்லிய குழாயின் வால்வை மூடி இயந்திரத்தை ஓட்டி, கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து, தடித்த குழாயின் வால்வையும் மூடி உடனே நிறுத்துவது முறை. நேரம் தவறினால் காற்று உள்ளே புகுந்து கம்ப்ரசர் வெடிக்கும் ஆபத்து உண்டு. பயிற்சி இல்லாமல் தொடாதே.

ஆ) கேஸை மாற்றி ஊற்றாதே. ஆர்-22 இயந்திரத்தில் உள்ளிழுக்கும் பக்க அழுத்தம் 65 முதல் 70 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். ஆர்-410ஏ அதே வேலைக்கு 115-க்கு மேல் கேட்கும். வெளி யூனிட் பக்கம் இன்னும் மோசம். பழைய குழாய் அதைத் தாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எண்ணெயும் வேறு.

இ) புரோப்பேனை ஆர்-22 இயந்திரத்தில் ஏற்றாதே. அழுத்தம் ஏறக்குறைய ஒத்துப்போகும் என்பதால் சிலர் இந்தக் குறுக்கு வழியைச் சொல்வார்கள். அந்த இயந்திரத்தின் சுவிட்சுகளும் மின் இணைப்புகளும் தீப்பற்றும் கேஸுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒரு பொறி போதும்.

ஈ) மலிவான, முகவரி இல்லாத உருளையை வாங்காதே. 2011-இல் கப்பல்களில் ஏற்றும் குளிர்சாதனக் கொள்கலன்கள் சில வெடித்துப் பழுதுபார்ப்பவர்கள் உயிரிழந்தார்கள். போலி கேஸில் கலந்திருந்த மீத்தைல் குளோரைடு அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கியதுதான் காரணம்.

உ) மூடிய சின்ன அறையில் கேஸை விடாதே, கேஸ் இருக்கும் குழாயில் பற்றவைப்பு வேலை செய்யாதே. இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு நிறைந்து மூச்சுக்கு ஆக்சிஜன் இல்லாமல் செய்துவிடும். நெருப்பில் பட்டால் ஆர்-22 நச்சு வாயுக்களாக உடையும்.

பழைய இரும்பு வியாபாரத்தில் இருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. செம்புக்காகக் குழாயை வெட்டும்போதுதான் அதிகமான கேஸ் ஒரேயடியாக வெளியே போகிறது. வெட்டும் முன் கேஸ் எடுக்கத் தெரிந்த ஒருவரை அழைப்பது நல்லது. மீட்டெடுத்துச் சுத்தம் செய்த ஆர்-22, ஒப்பந்தத்தின் வரம்புக் கணக்கில் சேராது. 2030-க்குப் பிறகு பழைய இயந்திரங்களுக்குப் பெரிதும் கைகொடுக்கப் போவது இந்த மீட்ட கேஸ்தான். இன்று காற்றில் விடுவது நாளைக்கு யாரோ ஒரு குடும்பத்துக்குத் தேவைப்படும் பொருள்.

7. வீட்டிலும் ஆலயத்திலும் என்ன செய்யலாம்?

முதலில் வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அதில் எழுதியிருக்கும். பழைய ஏர்கோனை யாராவது மலிவாகக் கொடுத்தால், விலையைக் கேட்பதற்கு முன் தகட்டைப் பாருங்கள்.

ஆர்-22 இயந்திரம் நன்றாக ஓடுகிறதா? ஓடட்டும். வடிகட்டியை மாதம் ஒரு முறை கழுவுங்கள். 16 டிகிரியில் வைக்காமல் 24, 25-இல் வைத்து ஃபேனையும் போடுங்கள். கம்ப்ரசருக்கு உழைப்பு குறையும், மின்கட்டணமும் குறையும்.

குளிர்ச்சி குறைந்தால் "கேஸ் ஏத்துங்க" என்று சொல்லாதீர்கள். "ஓட்டை எங்கன்னு பாருங்க" என்று சொல்லுங்கள். சில சமயம் அழுக்கு வடிகட்டிதான் காரணமாக இருக்கும், கேஸே தேவைப்படாது. மூட்டில் கசிவு என்றால் சரிசெய்து கொள்ளலாம். உள்ளே சுருள் அரித்துப் போயிருந்தால், அல்லது கம்ப்ரசர் போயிருந்தால், அந்த இயந்திரத்துக்கு இனிச் செலவு செய்வது வீண். அப்போது ஆர்-32 இயந்திரத்தை, கூடுதல் நட்சத்திரம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆலய மண்டபம், தமிழ்ப்பள்ளி, இயக்க அலுவலகம் ஆகியவற்றில் பல ஏர்கோன்கள் இருக்கும். எது எந்த கேஸ், எந்த ஆண்டு, எத்தனை தடவை கேஸ் ஏற்றப்பட்டது என்று ஒரே ஒரு பக்கப் பட்டியல் போட்டு வையுங்கள். எல்லாம் ஒரே வருடத்தில் கெட்டுப் போனால் எந்த நிர்வாகமும் திணறும். வருடத்துக்கு இரண்டாக மாற்றத் திட்டமிட்டால் தாங்கும்.

8. இது நடக்கிற காரியமா?

நடந்துகொண்டிருக்கிறது. 2023 ஜனவரியில் வெளியான ஐநா அறிவியல் மதிப்பீட்டின்படி, இப்போதைய கட்டுப்பாடுகள் தொடர்ந்தால் ஓசோன் படலம் உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலும், வடதுருவத்தில் 2045 வாக்கிலும், தென்துருவத்தில் 2066 வாக்கிலும் 1980-இல் இருந்த நிலைக்குத் திரும்பும். காற்று எல்லோருக்கும் பொது. பஞ்சபூதங்களை வணங்கும் நமக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் வணக்கம் கைகூப்புவதோடு நின்றுவிடாமல், கையில் உள்ள ஸ்பேனருக்கும் வர வேண்டும்.

2066-இல் இதைப் படிக்கும் நம்மில் பலர் தாத்தா பாட்டியாக இருப்போம். அதுவரை ஒவ்வொரு மூட்டையும் யாரோ ஒருவர் சரியாக முடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலை நம் பிள்ளைகளின் கையில் இருப்பது நமக்குக் கிடைத்த வாய்ப்பு.

வகுப்பில் கலந்துரையாட:

1. கேஸ் "தீர்ந்து போவதில்லை" என்பதை உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்கு எந்த உதாரணத்தால் விளக்குவீர்கள்?

2. முதலாளி "திறந்து விடு" என்கிறார். வேலையும் வேண்டும், விதியும் இருக்கிறது. நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? உங்களோடு வேலை செய்யும் தம்பிக்கு என்ன சொல்வீர்கள்?

3. பணக்கார நாடுகள் முதலில் நிறுத்த வேண்டும், மற்றவர்களுக்குக் கூடுதல் காலமும் உதவியும் தர வேண்டும் என்ற முறை நியாயமா? உங்கள் வட்டாரத்தில் புது ஏர்கோன் வாங்க முடியாத குடும்பங்களுக்கு இதே முறையை எப்படிப் பொருத்தலாம்?

செயல்: அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் மூன்று ஏர்கோன்களின் தகட்டைப் படித்து, கேஸின் பெயரையும் எடையையும் எழுதிக்கொண்டு வாருங்கள். எடையை வெப்பத் திறனால் பெருக்கி, எல்லாரும் சேர்ந்து ஒரே பட்டியலாகப் பலகையில் எழுதிப் பாருங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஏர்கோன் இல்லை என்று தப்பிக்க முடியாது. கடைக்காரரிடம் அனுமதி கேட்டு உறைபெட்டியின் தகட்டைப் படித்துவிட்டு வாருங்கள்.